ஆய்வகப் புழுவும் இயற்கைப் புழுவும்

அழுகிய பழத்துண்டு ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினால், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலையுடைய உருளைப்புழுக்கள் சில வேளைகளில் நெளியக் காணலாம். அவற்றுள் ஒன்று சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பதாகும். முழு வளர்ச்சியடைந்த புழுவின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அதன் உடற்செல்கள் 959. அவற்றுள் நரம்புச் செல்கள் 302. முட்டை முழுப்புழுவாக வளர மூன்று, நான்கு நாள்களே போதும். பெரும்பாலானவை இருபால் உயிரிகள் ஆதலின், ஒரு புழு தனித்தே தன் இனத்தைப் பெருக்கும்.

இப்பண்புகளைக் கருதியே, சிட்னி பிரென்னர் 1960களில் இப்புழுவைத் தம் ஆய்வுக்குரிய உயிரியாகத் தேர்ந்தெடுத்தார். இதனை ஆராய்ந்தமைக்காக அவரும் ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோரும் 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். பலசெல் விலங்குகளுள் முதன்முதலில் மரபணுத்தொகை படித்தறியப்பட்டதும் இப்புழுவுக்கே, ஆண்டு 1998. ஏறத்தாழ 10 கோடி எழுத்துகளால் ஆன அந்நூலில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன.

இங்கு ஒரு வினா எழுகிறது. படித்தறியப்பட்டது எந்தப் புழுவின் மரபணுத்தொகை?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே, காளான் வளர்ப்புக்குரிய மட்கிய உரத்திலிருந்து 1951இல் எடுக்கப்பட்ட புழுவின் வழிவந்ததே அது. ‘என்-2’ என்னும் பெயருடைய இக்கால்வழிதான் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. மற்றொரு கால்வழி, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவி தீவில், அன்னாசித் தோட்டம் ஒன்றிலிருந்து 1972இல் எடுக்கப்பட்டது. இவ்விரண்டின் மரபணுத்தொகைகளையும் ஒப்பிட்டபோது, மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட இடங்களில் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரியவந்தது. இரண்டும் ஒரே இனம். ஆயினும் ஒரே நூலின் இருவேறு படிகள்.

இவ்வேறுபாடு புழுவின் வாழ்க்கையிலும் வெளிப்படுகிறது. வளர்ப்புத் தட்டில் உணவாகப் பாக்டீரியாவைப் பரப்பி வைத்தால், என்-2 புழுக்கள் தனித்தனியே சிதறி உண்ணும். ஹவாய்ப் புழுக்களோ உணவுப்பரப்பின் விளிம்பில் திரண்டு, கூட்டமாக உண்ணும். இதன் காரணத்தை மரியோ டி போனோ, கார்னிலியா பார்க்மன் ஆகிய இருவரும் 1998இல் கண்டறிந்தனர். நரம்புச் செல்லில் உள்ள ஓர் ஏற்பிப் புரதத்தின் 215ஆம் இடத்தில், கூடி உண்ணும் புழுக்களுக்கு ஃபினைல் அலனின் என்னும் அமினோ அமிலம் இருந்தது. தனித்து உண்ணும் புழுக்களுக்கு வாலைன் இருந்தது. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம் ஓர் உயிரின் கூடிவாழும் பண்பையே மாற்றுவது வியப்பன்றோ!

கூடி வாழ்வனவும் தனித்து வாழ்வனவும் ஆகிய இரு வகைகளும் இயற்கையிலேயே உள்ளன என்று அப்போது கருதப்பட்டது. ஆனால் அக்கருத்து நிலைக்கவில்லை. இயற்கையிலிருந்து புதிதாகத் திரட்டிய புழுக்களை ஆராய்ந்தபோது, வாலைன் உடைய வடிவம் அவற்றில் காணப்படவில்லை. பிரிஸ்டல் புழுவின் வழிவந்து, 1950களின் இறுதியில் பிரிந்து, நீர்ம ஊடகத்தில் தனியே வளர்க்கப்பட்ட உடன்பிறப்புக் கால்வழி ஒன்று உண்டு. அதனிடமும் ஃபினைல் அலனினே இருந்தது. எனவே, வாலைன் வடிவம் அப்பிரிவுக்குப் பின்னர், ஆய்வகத்திலேயே தோன்றிய சடுதிமாற்றம் என்பது 2009இல் உறுதியாயிற்று.

இது நிகழ்ந்தது எவ்வாறு? புழுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கும் வழக்கம் 1969இல்தான் என்-2 கால்வழிக்கு வந்தது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளும் புழுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துகொண்டே இருந்தன. ஆய்வகச் சூழலோ அழுகும் பழத்தின் சூழலன்று. அங்கு உணவு தடையின்றிக் கிடைக்கும். காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். இயற்கைப் புழுக்கள் மிகுதியான ஆக்சிஜனை விரும்பாமல் விலகித் திரள்வன. திரளின் நடுவே ஆக்சிஜன் குறையும். ஆய்வகச் சூழலுக்குப் பொருந்திய மாற்றம் பெற்ற புழுக்கள் அங்கு மிகுதியாகப் பெருகின. காட்டு நெல் முற்றியதும் தன் மணிகளை உதிர்த்துவிடும். வயல் நெல்லோ அறுவடைவரை தாங்கி நிற்கும். உழவர் கையில் நெல் மாறியதுபோல், ஆய்வாளர் கையில் புழுவும் மாறியது. ஆய்வாளர் அறியாமலே தேர்ந்தார்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. ஆக்சிஜனை உணர்தல், நோய்க்கிருமியைத் தாங்குதல் முதலியவற்றில் இவ்விரு கால்வழிகளுக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடுகள் பலவற்றின் வேர் இவ்வொரு மரபணுவே எனப் பின்னர்த் தெரிந்தது. இயற்கையின் இயல்பு என எண்ணி அளந்தது, ஆய்வகம் தந்த இயல்பாக இருந்தது.

ஆகவே, இன்று ஆய்வாளர்கள் மீண்டும் பழத்தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் செல்கின்றனர். ஹவாய்த் தீவுகளில் திரட்டிய புழுக்களிடையே, பிற பகுதிப் புழுக்களைவிட மிகுந்த மரபணு வேறுபாடு இருப்பதைக் கண்டுள்ளனர். சூழலை உணர்வதற்கும் நோய்க்கிருமியை எதிர்ப்பதற்கும் உரிய மரபணுக்கள், மிகவும் வேறுபட்ட பகுதிகளில் செறிந்துள்ளன.

என்-2 புழு தந்த அறிவு பொய்யன்று. அது ஒரு புழுவைப் பற்றிய அறிவு. ஒன்றை அறிந்து அனைத்தையும் அறிந்ததாகக் கொள்ளும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. நாம் அளக்கும் பொருளை மட்டுமன்றி, அளக்கும் கோலையும் ஐயுற்று ஆராய்வதே அறிவியல். ஒரு மில்லிமீட்டர்ப் புழு உணர்த்தும் இவ்வுண்மை, ஆய்வுலகில் அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்தத் தக்கது.