கலப்பட மஞ்சள்: தண்டப்பணம் மட்டும் போதுமா?

ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் கலப்படமும் கூடவே வந்து சேரும். இது சந்தையின் பழைய கணக்கு. நமது நாட்டில் இந்தக் கணக்கை எல்லோருக்கும் புரிய வைத்த பொருள் மஞ்சள்.

உள்ளூர்ச் செய்கையை ஊக்குவிக்கவென 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் அறுவடை தேவைக்குப் போதவில்லை. 2020 ஏப்ரலில் கிலோவுக்கு 750 ரூபா என உச்ச விலை விதிக்கப்பட்டது. சந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விலைபோனது. கரையோரங்களில் கடத்தல் மூடைகள் பிடிபட்டன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் சுற்றிவளைப்புகளில் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள் தூள் அகப்பட்டது.

காரணத்தை அறியப் பெரிய ஆய்வு தேவையில்லை. கிலோ 4000 ரூபா விற்கும் தூளில் கால் கிலோ மா சேர்ந்தால், சில பத்து ரூபாப் பெறுமதியான மா 1000 ரூபாவாக மாறிவிடுகிறது. இத்தகைய இலாபத்துக்கு முன்னால் நேர்மையான வியாபாரி விலைப் போட்டியில் தோற்றுப்போகிறார். கலப்படத்தின் முதல் பலி நுகர்வோர் என்றால், இரண்டாவது பலி அவர்தான்.

சட்டம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் கலப்பட உணவை உற்பத்தி செய்வதையும், இறக்குமதி செய்வதையும், விற்பதையும் தடை செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புகிறார். அறிக்கை பாதகமாக வந்தால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் சோதனை நடத்துகிறது.

ஆனால் மாதிரி எடுக்கப்படுவது பெரும்பாலும் சில்லறைக் கடையில். கலப்படம் நடப்பதோ அரைக்கும் ஆலையிலும் பொதி செய்யும் களஞ்சியத்திலும். கடைக்காரர் தண்டம் கட்டுகிறார். கலந்தவர் அடுத்த மூடையை அவிழ்க்கிறார். தண்டப்பணம் இலாபத்தை விடக் குறைவாயின் அதையும் வியாபாரச் செலவாகவே எழுதிவிடுவார்கள்.

இந்த இடத்தில் பங்களாதேஷின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கு மஞ்சள் கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்று பூசும் வழக்கம் 1980களிலிருந்து இருந்து வந்தது. வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கை விற்பதற்காகத் தொடங்கிய வேலை அது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2019 இல் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்தியதும், அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சில்லறைக் கடைகளை விட்டு நேராக டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்குச் சென்றது. ஈயத்தை அந்த இடத்திலேயே காட்டும் கையடக்கக் கருவி கொண்டுசெல்லப்பட்டது. நடமாடும் நீதிமன்றம் இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 இலட்சம் டாக்கா தண்டம் விதித்தது. 900 கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள் பறிமுதலானது. தொலைக்காட்சிகள் இதை ஒளிபரப்பின. சந்தைகளில் எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரங்கள் விநியோகிக்கப்பட்டன.

விளைவு என்ன? 2019 இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. 2021 இல் அது பூச்சியமானது. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலிருந்த ஈயமும் கணிசமாகக் குறைந்தது.

புதிய சட்டம் இயற்றித்தான் இதைச் சாதித்தார்கள் என்றில்லை. மூலத்தைத் தேடிப் பிடித்தார்கள், உடனே சோதித்தார்கள், உடனே தண்டித்தார்கள், ஊரறியச் செய்தார்கள். நமது அதிகாரிகள் கற்க வேண்டிய பாடம் இதுவே.

வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் தூள் வாங்காதீர்கள். பொதியில் உற்பத்தியாளர் முகவரி, தொகுதி இலக்கம், திகதிகள் உண்டா எனப் பாருங்கள். சந்தை விலையிலும் வெகு குறைவாக ஒருவர் தர முன்வந்தால் சந்தேகியுங்கள். இயன்றால் கிழங்காக வாங்கி அரைப்பியுங்கள். நுகர்வோர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். முறைப்பாடு வராத இடத்துக்குச் சுற்றிவளைப்பும் எளிதில் வராது.