அகீக் மணி: கம்பாயத்தின் கல்லும் கைகளும்

மக்கா, மதீனாக் கடைவீதிகளிலிருந்து உறவினர் வாங்கிவரும் வெள்ளி மோதிரங்களில் செந்நிறக் கல் ஒன்று பதிந்திருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். அரபியில் அதன் பெயர் அகீக். யமன் நாட்டு அகீக் என்று சொல்லியே பெரும்பாலும் அது விற்கப்படுகிறது. யமனில் அகீக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அரபுலகும் ஆப்பிரிக்காவும் நூற்றாண்டுக் கணக்கில் அணிந்த அகீக் மணிகளில் பெரும்பகுதி குஜராத்தின் கடற்கரையில், நம் முன்னோர் கம்பாயம் என்றழைத்த கம்பாத் நகரில் உருவானது. குஜராத்தி மொழியிலும் அத்தொழிலின் பெயர் அகீக் என்பதே.

கல்லைப் பற்றிய நம்பிக்கைகளை முதலில் சற்று ஒதுக்கி வைப்போம். நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள் என்பதும், அதன் கல் 'ஹபஷி' வகையைச் சேர்ந்தது என்பதும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. 'ஹபஷி' என்பது ஜஸ்உ எனப்படும் வரிக்கல்லாகவோ அகீக்காகவோ இருக்கலாம் என்றும், அவற்றின் சுரங்கங்கள் அபிசீனியாவிலும் யமனிலும் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்றும் இமாம் நவவி விளக்குகிறார். செய்தி இவ்வளவே. அகீக் அணிந்தால் வறுமை அகலும் என்பன போன்ற அறிவிப்புகளை இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டார். ஷியா மரபில் இக்கல்லுக்குள்ள மதிப்பு வேறு. அது தனியே பேசத்தக்கது. நாம் இங்கே பேச விரும்புவது கல்லின் பரக்கத்தைப் பற்றியல்ல, அதைச் செய்யும் கைகளைப் பற்றி.

அகீக் என்பது மிக நுண்ணிய துகள்களாலான குவார்ட்ஸ் வகைக் கல். தமிழ்நாட்டுத் தொல்லியலாளர் இதைச் சூதுபவளம் என்பர். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும் வைகைக் கரையின் கீழடியிலும் இம்மணிகள் கிடைத்துள்ளன. மூலக்கல் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அந்த மூலக்கல்லின் இருப்பிடம் பரூச் மாவட்டத்தின் ரத்தன்பூர் குன்றுப்பகுதி. அங்கே பாபா கோர் என்னும் பெரியாரின் தர்கா உள்ளது. அவர் அபிசீனியாவிலிருந்து வந்து அகீக் வணிகம் செய்தவர் என்பது குஜராத்தின் சித்தி முஸ்லிம்களிடையே வழங்கும் மரபு. வரிகளோடு கூடிய ஒருவகைக் கல்லுக்கு இன்றும் 'பாபாகோரி' என்றே பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரின் பெயர் ஓர் இந்தியக் கல்லுக்கு நின்றுவிட்டது; அந்தக் கல்லோ மணியாகி ஆப்பிரிக்காவுக்கே கப்பலேறியது.

தோண்டியெடுக்கும்போது இக்கல் சிவப்பாக இராது. மங்கிய பழுப்பு, சாம்பல், மஞ்சள் நிறங்களில் உருளைக்கிழங்கு போல் இருக்கும். அதனுள் இரும்புச் சேர்மம் நீரோடு கலந்து உறைந்திருக்கிறது. சூடேறும்போது நீர் நீங்கி, இரும்பு செந்நிற ஆக்சைடாக மாறுகிறது. எனவே சிவப்பு என்பது கல்லின் பிறவிக்குணம் என்பதைவிட நெருப்பின் கொடை என்பதே பொருந்தும். மாதக்கணக்கில் வெயிலில் உலர்த்திய கற்களை மண்கலங்களில் இட்டு, வறட்டியும் சாம்பலும் சூழ மெல்லச் சுடுகிறார்கள். சூடு விரைந்து ஏறினால் கல் வெடித்துவிடும். நன்கு சிவக்க வேண்டுமெனில் இதையே மீண்டும் மீண்டும் செய்யவேண்டும்.

அடுத்தது உடைப்பு. இதற்கான கருவிகளைக் காண்போர் வியப்பர். கூர்முனை கொண்ட இரும்புக் கம்பி ஒன்று தரையில் சாய்வாக நடப்பட்டிருக்கும். தொழிலாளி அதன்முன் அமர்ந்து, கல்லின் விளிம்பை முனையில் சார்த்தி, மறுபுறத்திலிருந்து ஒரு சுத்தியால் தட்டுகிறார். அந்தச் சுத்தியின் தலை இரும்பன்று, எருமைக் கொம்பு! கொம்பு அடியை வாங்கி மெதுவாகவே கடத்தும். கம்பியின் முனையோ எதிர்விசையால் கல்லின் அடிப்புறத்தில் ஒரு செதிலைப் பெயர்க்கும். இரும்புச் சுத்தியால் நேரடியாக அடித்தால் கல் நொறுங்கும். ஜொனாதன் மார்க் கெனோயர், மாசிமோ விடாலே, குல்தீப் பான் ஆகிய தொல்லியலாளர் கம்பாத்தில் அமர்ந்து இம்முறையைக் கூர்ந்து பதிவு செய்தனர். அவர்களது நோக்கம் சிந்துவெளியைப் புரிந்துகொள்வது. கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் ஊர் நகரத்து அரச கல்லறைகளுக்குள் சென்ற நீண்ட செம்மணிகளின் கைவினையை, உயிரோடிருக்கும் கைகளிடம்தானே கேட்டறிய முடியும்?

துளையிடுவதுதான் கடினம். அகீக்கின் கடினம் மோஸ் அளவையில் ஏறத்தாழ 7. எஃகு முனை அதனிடம் தோற்கும். கம்பாத்தில் வில்லால் சுழற்றும் துரப்பணத்தின் முனையில் இரு சிறு வைரத் துண்டுகளைப் பதித்து, நீர் சொட்டவிட்டு, மணியின் இருபுறமிருந்தும் துளைப்பர். சில நிமிடங்களில் ஒரு மணி துளைபட்டுவிடும். வைரமுனை இல்லாத சிந்துவெளியினர் 'எர்னஸ்டைட்' என்று இன்று அழைக்கப்படும் ஒரு கல்லால் துளைத்தனர். கெனோயரின் செய்முறைச் சோதனைப்படி, அம்முறையில் ஒரு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் அளவே துளைக்கலாம். அக்கல்லுக்குப் பெயர் தந்தவர் எர்னஸ்ட் மக்கே. சிந்துவின் ஸெஹ்வானில் ஒரு முதிய கைவினைஞர், ஒரு முட்புதரின் இளந்தளிர்ச் சாற்றில் சலவைச் சோடாவைக் குழைத்துச் செம்மணிமேல் கோலமிட்டுச் சுட்டதையும், வெண்கோடுகள் கல்லில் நிலைத்துவிட்டதையும் 1933இல் எழுதி வைத்தவரும் அவரே. ஒரு செடியின் சாறும் சலவைக்காரத்தின் சோடாவும் போதும், கல்லில் அழியாத எழுத்தெழுத.

இம்மணிகள் சென்ற வழி நெடியது. 1342 வாக்கில் கம்பாயத்துக்கு வந்த இப்னு பதூதா, அந்நகரின் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் புகழ்ந்து, அவற்றைக் கட்டியோரில் பெரும்பாலோர் வெளிநாட்டு வணிகர் என்கிறார். 1325இல் கட்டப்பட்ட ஜாமிஆ பள்ளி இன்றும் அங்குள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பர்போசா, ரத்தன்பூரை அடுத்த லிமோத்ராவின் அகீக்கைக் குறித்துச் செல்கிறார். பின்னர் வளைகுடா மணலேறிக் கப்பல்கள் சூரத்துக்குப் போயின. ஆனால் மணித்தொழில் கம்பாத்தை விட்டு நகரவில்லை. சஹாராவின் துவாரக் மக்கள் அணியும் 'தல்ஹகிம்த்' என்னும் முக்கோணப் பதக்கம் முதலில் இந்திய அகீக்கில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் பிரேசில் கல்லை வரவழைத்து அதே வடிவை வெட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினர். பிறகு பொஹீமியக் கண்ணாடியிலும் அது வந்தது, இறுதியில் பிளாஸ்டிக்கிலும். போலிகளைப் பற்றி முறையிடுவோர் இந்த வரலாற்றையும் நினைவில் கொள்ளலாம்.

இனி, மோதிரத்தைப் பார்க்கும்போது நம் கண்ணில் படாத ஒன்றுக்கு வருவோம். துளையிடும்போது நீர் உண்டு; ஆனால் மணிக்கு வடிவும் வழவழப்பும் தரும் சாணைச் சக்கரத்தில் நீர் இல்லை. மின்மோட்டார் வந்தபின் அச்சக்கரம் விரைந்து சுழல்கிறது. கல்லும் விரைந்து தேய்கிறது. தேய்ந்த கல் எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகளாக நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. அங்கே அது வடுவை உண்டாக்குகிறது; நுரையீரல் சுருங்கி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னரும் அது முற்றக்கூடும். காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளவும் அது வழிசெய்யும். இருமல், இளைப்பு, மெலிவு என அடையாளங்கள் ஒத்திருப்பதால், காசநோய்க்கான சிகிச்சை மட்டுமே நடக்க, மூலகாரணம் பதிவேட்டில் ஏறாமலே போவதும் உண்டு.

கம்பாத்திலும் அதனை அடுத்த ஷகர்பூரிலும் சாணை பிடிப்பது பெரும்பாலும் வீட்டுத் தொழில். திண்ணையிலோ முற்றத்திலோ சக்கரம் சுழலும். சமைப்பவரும் தவழும் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகள் சாணைத் தொழிலாளரிடம் மட்டுமின்றி, அத்தொழிலே செய்யாத அண்டை வீட்டாரிடமும் இந்நோயைக் கண்டன. தூசியை உறிஞ்சும் கருவி ஒன்றையும் அந்நிறுவனம் வடிவமைத்தது.

அண்டை வீட்டாருக்கு நேரும் இத்தீங்கு நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரின் தலைமைக் கொத்தராக இருந்த இப்னுர் ராமி, கட்டடச் சட்டங்களைப் பற்றிய தம் நூலில், தீங்குகளைப் புகை, நாற்றம், ஓசை என வகைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் காழிகள் எவ்வாறு தீர்ப்பளித்தனர் என்று விளக்குகிறார். குளியலகத்தின் புகையும் தோல் பதனிடும் இடத்தின் நாற்றமும் மாலிக்கி அறிஞர்களின் விவாதத்துக்கு உரியவை. ஒருவர் தம் சொந்த இடத்தில் செய்யும் தொழில் என்பதால் மட்டும் அயலாரின் மூச்சு அவருக்கு உரியதாகிவிடாது என்பதே அங்கே அடிப்படை. மாவர்தியோ, தாங்கவியலாத வேலையை அடிமைமீதும் விலங்கின்மீதும் சுமத்துவோரைத் தடுப்பதையும் முஹ்தஸிபின் கடமைகளில் சேர்க்கிறார். சாணைச் சக்கரத்தின் முன் அமர்ந்திருப்பவர் அடிமையல்லர். ஆயினும் அவர் 'விரும்பியே' அமர்ந்திருக்கிறார் என்று நாம் சொல்லிவிட்டால், அது மாவர்தியின் காலத்தைவிடப் பின்தங்கிய சொல்லாகவே இருக்கும்.

இழப்பீடு கோருவதிலும் ஒரு முடிச்சு உண்டு. வணிகர் கல்லை எண்ணித் தருகிறார். மணியை எண்ணி வாங்கிக் கூலி கொடுக்கிறார். கடிதமோ பதிவேடோ ஊதியச் சீட்டோ கிடையாது. தொழிற்சாலைச் சட்டங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள்வைத்து நடத்தும் இடங்களையே கணக்கில் கொள்கின்றன; வீட்டு முற்றம் அதில் அடங்காது. ஆகவே நோயாளி முதலில் மெய்ப்பிக்க வேண்டியது தமது நோயையன்று. தமக்கு முதலாளி ஒருவர் இருந்தார் என்பதை.