சம்பந்தி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் இப்படி ஓர் அழைப்பு வருகிறது: ‘‘அப்பா, இந்தத் தடவை மோட்டார் ஹோமில் ஊர் சுற்றலாம்!’’

மோட்டார் ஹோம் என்பது சக்கரம் வைத்த வீடு. முன்னால் டிரைவர் சீட். பின்னால் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஓர் ஆள் நுழையும் அளவில் கழிவறை. ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே மலையும் பாலைவனமும் பார்க்க நம்மவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால், அந்தக் கழிவறைதான் என் சம்பந்தியை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விட்டது!

2023 செப்டம்பர். லாஸ் வேகாஸில் வண்டி எடுத்துக்கொண்டு யூட்டா மாநிலத்துக்குப் புறப்பட்டோம். மகன், மருமகள், பேரன், நான், என் மனைவி, கூடவே மருமகளின் அப்பா. பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. சம்பந்தியம்மா மூட்டுவலியால் வரவில்லை. சம்பந்திக்கு ரத்த அழுத்தம் உண்டு. தினமும் சாப்பிடும் மாத்திரையில் நீரைப் பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தது.

வானமும் பூமியும் தவிர வேறெதுவும் இல்லாத தேசம் அது. மணிக்கணக்கில் போனாலும் ஒரு வீடு தென்படாது. முதல் இரவு பிரைஸ் கேன்யனில் தங்கினோம். செம்மண் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் இடம். அதன் உச்சிப் பகுதி 9,000 அடிக்கு மேல், அதாவது நம் தொட்டபெட்டாவைவிட உயரம்! காற்று அவ்வளவு வறட்சி. துவைத்துப் போட்ட வேட்டி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேட்டியை உலர்த்துகிற காற்று, உடம்பை மட்டும் விட்டுவைக்குமா?

சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும், உடனே தண்ணீர் தேடுவோம். அங்கே வியர்வை தோலுக்கு வந்ததுமே ஆவியாகிவிடும். ‘வியர்க்கவே இல்லையே’ என்று நினைப்போம். நீர் போய்க்கொண்டே இருக்கும். உயரமான இடத்தில் மூச்சு வழியாகவும் கூடுதலாகப் போகும். வயதானவர்களுக்கோ தாகம் எடுப்பதே குறைவு.

மறுநாள் எழுபதாம் நம்பர் நெடுஞ்சாலையில் சலைனா என்ற ஊரைத் தாண்டினோம். அங்கிருந்து கிரீன் ரிவர் வரை 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, ஊரே கிடையாது. வண்டியை ஓரங்கட்டி மலையைப் பார்க்க மட்டும் இடம் உண்டு. அப்படி ஓரிடத்தில் நிறுத்தினோம். எழுந்த சம்பந்தி தள்ளாடி, அப்படியே சீட்டில் சாய்ந்துவிட்டார்.

‘‘என்ன சம்பந்தி, என்ன பண்ணுது?’’

‘‘ஸ்டேஷன் வந்தாச்சா?’’ என்றார். எனக்குத் திக்கென்றது.

நாடி மெலிந்து வேகமாக ஓடியது. நாக்கு காய்ந்த ஓலை மாதிரி. ‘‘கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?’’ என்று கேட்டேன். ‘‘நேத்து சாயங்காலம்...’’ என்று இழுத்தார்.

காலை உயர்த்திப் படுக்க வைத்தோம். விழுங்க முடிந்ததால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, வாய் வாயாகக் கொடுத்தோம். போனில் சிக்னல் இல்லை. மகன் வண்டியைக் கிளப்பினான். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரை எனக்கு உயிர் கையில் இல்லை. இரண்டு பாட்டில் சலைன் ஏறிய பிறகுதான் பேச்சு தெளிந்தது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சற்றுத் தடுமாறியிருந்தது தெரிந்தது. நல்லவேளை, மறுநாளே சரியாகிவிட்டது.

அன்றிரவுதான் காரணத்தைச் சொன்னார். மோட்டார் ஹோமில் கழிவுக்கென்று தனித் தொட்டி இருக்கும். அது நிறைந்ததும், அதற்கென உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டி, குழாய் பொருத்தித் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி. அடுத்து பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி, குழாயும் சுத்தமாகும். இதை என் மகன் செய்ததைச் சம்பந்தி பார்த்திருக்கிறார்.

‘‘மாப்பிள்ளை கையால என் கழிவைக் கொட்ட வைக்கிறதா? அதான் தண்ணியைக் குறைச்சுக்கிட்டேன்...’’

நான் தலைகுனிந்தேன். சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு. அவற்றில் சிறுநீரும் உண்டு, தாகமும் உண்டு. கல்லூரியில் முதலில் படித்த பாடங்களில் ஒன்று. நோயாளி யார் வந்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேட்கிறவன், சம்பந்தியிடம் கேட்பது மரியாதை இல்லை என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். அவருக்கு ஒரு சங்கோஜம், எனக்கு ஒரு சங்கோஜம். நடுவில் ஓர் உயிர்!

இதற்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை. கல்யாண வேனில், கோயில் சுற்றுலா பஸ்ஸில் ‘நிறுத்தச் சொன்னால் என்ன நினைப்பாங்களோ’ என்று தண்ணீரே தொடாமல் வரும் பெண்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே சில யோசனைகள்:

* புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டுங்கள். நீர் பிரிக்கும் மருந்து இருக்கிறதா, பயணத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

* தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது சில மடக்கு குடியுங்கள். இதயம், சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் டாக்டர் சொன்னபடியே குடிக்கட்டும்.

* சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்ந்த நிறமோ, அரை நாளாகப் போகாமலிருப்பதோ எச்சரிக்கை மணி.

* இரண்டு மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். யாரும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதையும் இது தடுக்க உதவும்.

* அடிக்கடி ஒண்ணுக்குப் போகிற ஆண்கள் புராஸ்டேட் சுரப்பியைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைப்பது அதற்கு வைத்தியமல்ல.

* பேச்சு குழறினால், தள்ளாடினால் கைவைத்தியத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பயணத்தின் கடைசி நாள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டியைக் காலி செய்ய மகன் இறங்கினான். அவனுக்கு முன்னால் கையுறையோடு நின்றார் சம்பந்தி.

‘‘நகருங்க மாப்பிள்ளை, இதுல என் பங்குதானே ஜாஸ்தி!’’

அந்தப் பத்து நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.