புகையைக் காண்பது ஒன்று, முடிவெடுப்பது வேறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. அங்கே கேமரா வைத்தால், கூரைமேல் எழுவது நீராவியா உலைப்புகையா என்பதை, படங்களைப் பார்த்துப் பழகிய நியூரல் நெட்வொர்க் ஓரளவு சொல்லிவிடும். ஆனால் 'உலை ஓடுகிறது, புகை உறிஞ்சும் விசிறி நின்றிருக்கிறது, ஆகவே விதிமீறல்' என்ற முடிவு படத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. விதிகளிலிருந்து விடை வருவிக்கும் புரோலாக் என்ற கணினி மொழி 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தது. அதற்கோ படம் பார்க்கத் தெரியாது.

2018-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த டீப்பிராப்லாக் என்ற கணினி மொழி, படம் பார்க்கும் நெட்வொர்க்கையும் விதிவழிக் கணிப்பையும் இணைத்தது. கையால் எழுதிய இரு இலக்கங்களின் படங்களைக் கொடுத்து, கூட்டுத்தொகையை மட்டும் சொன்னார்கள். கூட்டல் விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால், பிழைத்திருத்தம் அந்த விதி வழியே பின்னோக்கிச் சென்று, எந்தப் படம் எந்த இலக்கம் என்பதை நெட்வொர்க்குக்குக் கற்பித்தது. விதி இறுக்கமானது, உலகம் அப்படியல்ல என்று சிலர் மறுக்கலாம். இங்கே நெட்வொர்க் தருவது தீர்ப்பல்ல, நிகழ்தகவு. விதி அதைக் கொண்டே கணக்கிடுகிறது. விதிகள் பெருகினால் கணக்கீடு மிகவும் மெதுவாகும் என்பது மெய்யான குறைதான். ஆயினும் ஆலையை நிறுத்தச் சொல்லும் முடிவுக்குக் காரணம் கேட்க ஆலைக்காரருக்கும், அந்தக் காற்றைச் சுவாசிக்கும் மக்களுக்கும் உரிமை உண்டு. விதி வழியே காரணத்தைப் படிப்படியாகக் காட்டும் இத்தகைய முறையையே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேர்ந்தெடுக்க வேண்டும்.