வாட்ச் காட்டியது 1,500 மீட்டர். மைதானத்தில் இருந்தது 1,470!

போலீஸ் வேலைக்கு ஓடும் இளைஞர்களே, உஷார்!

போலீஸ் வேலைக்கு ஆண்கள் ஓட வேண்டியது 1,500 மீட்டர். கொடுக்கும் நேரம் 7 நிமிடம்.

7 நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி ஆனாலும், "போயிட்டு வா தம்பி" என்று அனுப்பி விடுவார்கள். எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க் எல்லாம் வீண்!

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் என்று எந்த ஊருக்குப் போனாலும் விடியற்காலையில் சாலையோரம் பையன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். போலீஸ், ராணுவம், ரெயில்வே என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு.

முன்பெல்லாம் இவர்களுக்கு ஒரு பனியனும் ஒரு அரைக்கால் சட்டையும் போதும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்து இருக்கிறது. அதுதான் ஜி.பி.எஸ். வாட்ச்!

எத்தனை மீட்டர் ஓடினோம், என்ன வேகம், நெஞ்சு எத்தனை தடவை அடித்தது என்று எல்லாவற்றையும் மணிக்கட்டிலேயே காட்டி விடுகிறது.

விலைதான் பயமுறுத்துகிறது. சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டிப் போகிறது. கூலி வேலைக்குப் போகிற அப்பாவுக்கு இது சின்னக் காசு அல்ல.

வாங்கலாமா? வாங்கினால் அது சொல்வதை நம்பலாமா?

வானத்தில் இருந்து வரும் சேதி

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. "நான் இங்கே இருக்கிறேன். இப்போது மணி இது" என்று அவை ஓயாமல் சேதி அனுப்புகின்றன.

அந்தச் சேதி தரைக்கு வந்து சேர ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. நாலு செயற்கைக் கோள்களின் சேதி கிடைத்தால் போதும். எது எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தை வாட்ச் கண்டுபிடித்து விடும்.

இந்தக் கணக்கில் ஒரு விநாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகு!

"இதைக் கட்டினால் நம்ம கையில் இருந்து மேலே சிக்னல் போகுமாமே" என்று சிலருக்குப் பயம். அப்படி எதுவும் போகாது. ரேடியோப் பெட்டி மாதிரி இது கேட்க மட்டும் செய்யும்.

அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாதது, செயற்கைக் கோள் வழியாகப் பேசும் போனும் சேதி அனுப்பும் கருவியும்தான். 2024 டிசம்பரில் டெல்லி, கோவா விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் சிக்கியது அந்தக் கருவியால்தான். சாதாரண ஓட்டக்காரர் வாட்ச் அந்த ரகம் அல்ல.

விமானம் விழுந்த கதை

ஜி.பி.எஸ். முதலில் ராணுவத்துக்காகவே வந்தது. 1983 செப்டம்பர் 1-ந் தேதி தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி ரஷிய வான் எல்லைக்குள் போய்விட்டது. அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் பலி!

அதன் பிறகுதான், "இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும்" என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அரசு அறிவித்தது. அப்படியும் பொதுமக்களுக்கு வேண்டும் என்றே கொஞ்சம் பிசகாகத்தான் கொடுத்து வந்தார்கள். 2000-ம் ஆண்டு மே 2-ந் தேதி அந்தத் தடையும் போயிற்று. 2003-ல் கார்மின் கம்பெனி ஓட்டக்காரர்களுக்கு என்றே வாட்ச் கொண்டு வந்தது.

நம் நாட்டுக்கும் "நாவிக்" என்று சொந்த ஏற்பாடு உண்டு. அதன் முதல் செயற்கைக் கோள் 2013 ஜூலை 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது.

லாபம் என்ன?

புதிதாக ஓடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் சுற்றில் குதிரை மாதிரி பாய்வார்கள். மூன்றாவது சுற்றில் நாக்குத் தள்ளும்.

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். முதல் சுற்றிலேயே 1 நிமிடம் 25 விநாடியில் பறக்க வேண்டிய அவசியமே இல்லை. "வேகம் அதிகம், குறைச்சுக்கோ" என்று வாட்ச் எச்சரித்தால் மூச்சு மிச்சமாகும்.

மைதானத்தில் சுற்றை எண்ணலாம். சாலையில் எதை எண்ணுவது? அங்கேதான் இந்த வாட்ச் கை கொடுக்கும்.

பெண்ணாடம் பக்கம் வயல்வெளியும் வெள்ளாற்றங்கரையும் திறந்த வெளி. சென்னை மாதிரி அடுக்கு மாடிகள் மறைப்பது இல்லை. செயற்கைக் கோள் சேதி தடங்கல் இல்லாமல் வந்து சேரும்.

இன்னொரு லாபம், பதிவு. போன வாரம் 20 கிலோ மீட்டர், இந்த வாரம் திடீர் என்று 40 கிலோ மீட்டர் என்று ஏற்றினால் முழங்கால் எலும்பு வலி எடுக்கும். கணக்கு கண் எதிரே இருந்தால் ஆசை அடங்கும்.

8 விநாடியில் போகும் வேலை

இனி நஷ்டக் கணக்கு.

திறந்த வெளியில் கூட வாட்ச் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். மரத்தடியிலும் உயரமான சுவர் ஓரத்திலும் இன்னும் மோசம். சேதி சுவரில் மோதி, எதிரொலி மாதிரி சுற்றி வரும். நேராக ஓடியவனை வளைந்து வளைந்து ஓடியதாக வாட்ச் எழுதி விடும். வளைந்த கோடு நீளம் அல்லவா? ஓடாத தூரமும் கணக்கில் சேர்ந்து விடும்!

மைதான வளைவில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். விட்டு விட்டு இடத்தைக் குறிக்கும் வாட்ச், வளைவைக் குறுக்கே வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும்.

நூற்றுக்கு இரண்டு பிசகுவது அதிசயம் அல்ல. ஒரு பையன் வாட்சைப் பார்த்து ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாட்ச் 1,500 மீட்டர் காட்டுகிறது. நேரம் 6 நிமிடம் 55 விநாடி. "பாஸ் ஆயிட்டேன்!" என்று துள்ளுகிறான்.

உண்மையில் அவன் ஓடியது 1,470 மீட்டர்தான். பாக்கி 30 மீட்டருக்கு இன்னும் 8 விநாடிக்கு மேல் வேண்டும். அசல் நேரம் 7 நிமிடம் 3 விநாடி.

பெயில்!

இது அவனுக்குத் தேர்வு நாளில்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

பெண்கள் ஓட வேண்டியது 400 மீட்டர், நேரம் 2 நிமிடம் 30 விநாடி. ஒரே சுற்றில் முடியும் ஓட்டத்துக்கு ஜி.பி.எஸ். தேவையே இல்லை. சாதாரண ஸ்டாப் வாட்ச் போதும்.

ரெயில்வே "டி" பிரிவு வேலைக்கு ஆண்கள் 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியிலும், பெண்கள் 5 நிமிடம் 40 விநாடியிலும் முடிக்க வேண்டும். அங்கேயும் இதே கதைதான்.

மாரத்தானை அளப்பது சைக்கிள்!

மாரத்தான் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். உலகப் போட்டிகளில் இந்த வழியை அளப்பது செயற்கைக் கோள் அல்ல. சைக்கிள்!

முன் சக்கரத்தில் சுற்றை எண்ணும் சிறு கருவியை மாட்டுவார்கள். டேப் பிடித்து அளந்த தூரத்தில் சைக்கிளை ஓட்டிச் சரி பார்ப்பார்கள். பிறகு வழி முழுவதும் ஓட்டி அளப்பார்கள். தூரம் குறைந்து விடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள்.

நம் வீட்டு சைக்கிளிலும் இதைச் செய்யலாம். டயரில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சுற்று உருட்டி, டேப்பால் தரையை அளந்து கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 20 சென்டி மீட்டர் வந்தால், 1,500 மீட்டருக்கு 682 சுற்று. எண்ணி முடித்த இடத்தில் ஒரு கல்லை நடுங்கள்.

செலவு ஒரு பைசா இல்லை. வாட்ச் பிசகும், கல் பிசகாது.

நெஞ்சுத் துடிப்பும் வெயிலும்

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்கும். அது தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. வார் தளர்ந்து வாட்ச் ஆடினால் கணக்குத் தப்பும். நெஞ்சில் கட்டும் பட்டை இதைவிடச் சரியாகச் சொல்லும்.

கத்தரி வெயில் வேறு ஒரு வில்லன். வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கும். மார்கழியில் ஓடிய வேகத்தைச் சித்திரையிலும் வாட்ச் கேட்கிறதே என்று விரட்டக் கூடாது. தலை சுற்றினால், கண் இருண்டால் உடனே நின்று விட வேண்டும். வாட்ச் என்ன சொன்னாலும் சரி!

இருட்டில் சாலையோரம் ஓடும்போது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு போவதும் ஆபத்து. பின்னால் வருவது கரும்பு டிராக்டரா, லாரியா என்று வாட்சுக்குத் தெரியாது.

வீட்டைக் காட்டிக் கொடுக்கும்!

ஓடிய வழியை "ஸ்ட்ராவா" போன்ற செயலிகளில் போட்டு, நண்பர்களிடம் "சபாஷ்" வாங்குவது இப்போதைய பழக்கம். அதில் ஒரு வம்பு இருக்கிறது.

உலகம் முழுவதும் மக்கள் ஓடிய வழிகளை ஒரே வரைபடமாக ஸ்ட்ராவா வெளியிட்டது. ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களில் சில இடங்கள் மட்டும் பளிச் என்று தெரிந்தன. அவை ராணுவ முகாம்கள்! 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில், போர்ப் பகுதிகளில் இடம் காட்டும் கருவிகளுக்கு அமெரிக்க ராணுவம் தடை போட்டது.

2024-ல் பிரான்சின் "லெ மோந்த்" பத்திரிகை, தலைவர்களின் மெய்க்காவலர்கள் ஓடிய பதிவுகளை வைத்தே தலைவர்கள் தங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று காட்டியது.

"நமக்கு என்ன, நாம் என்ன ஜனாதிபதியா?" என்று இருக்கக் கூடாது. தினமும் எந்த வீட்டில் இருந்து, எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில் தனியாக ஓடுகிறோம் என்பது ஊருக்கே தெரிய வேண்டுமா? முக்கியமாக, பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவை "எனக்கு மட்டும்" என்று மாற்றி வைக்கலாம். வீட்டைச் சுற்றி உள்ள பகுதியை மறைக்கவும் வசதி உண்டு.

வாங்கும்போது...

"ஜி.பி.எஸ். உண்டு" என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் போதாது. சில மலிவு வாட்சுகளில் ஜி.பி.எஸ். கிடையாது. பையில் இருக்கும் செல்போனிடம் கடன் வாங்கித்தான் காட்டும். "வாட்சுக்கு உள்ளேயே இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஓடத் தொடங்கும் முன்பு திறந்த வெளியில் நின்று, "தயார்" என்று வாட்ச் காட்டும் வரை பொறுங்கள். வாங்கிய வாட்சை, டேப்பால் அளந்த மைதானத்தில் ஒரு முறை ஓடிச் சோதியுங்கள். எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்து விட்டால் ஏமாற வேண்டியது இல்லை.

காசு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அளந்த மைதானமும் 200 ரூபாய் ஸ்டாப் வாட்சும் இருந்தால் போலீஸ் ஓட்டத்துக்குப் போதும். காசு இருந்தால் முதலில் நல்ல ஷூ. மிச்சம் இருந்தால் வாட்ச்.

மெய்கண்டார் பிறந்த ஊர் பெண்ணாடம். எதையும் மெய்தானா என்று பார்த்து நம்புவது இந்த ஊருக்குப் புதிது அல்ல.

தேர்வு நாளில் உங்கள் வாட்ச் காட்டும் நேரத்தை யாரும் கேட்கப் போவது இல்லை. அங்கே கணக்கு, அதிகாரி எடுக்கும் நேரமும் மைதானத்தில் போட்ட கோடும்தான்!