திரைக்குப் பின்னால் விற்பவர் யார்?

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் ஒரு கடையில் சேலை வாங்குகிறோம். வீட்டிற்கு வந்து விரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கிழிசல். மறுநாள் அதே கடைக்குச் சென்று முறையிடலாம். கடை அங்கேயே இருக்கும். அதன் பெயர்ப் பலகையும் இருக்கும். பற்றுச்சீட்டில் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் மறுத்துப் பேசினாலும், யாரிடம் வாங்கினோம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அதே சேலையைக் கைப்பேசிச் செயலியில் வாங்கினால் நிலைமை வேறு. விற்பவருக்கு ஒரு புனைபெயர், ஒரு சிறிய படம், அதன் கீழ்ச் சில நட்சத்திரங்கள். பணத்தைப் பெற்றுக்கொள்வது விற்பனைத் தளம். பொட்டலத்தைக் கொண்டு வருபவர் விரைவஞ்சல் ஊழியர். பொருள் புறப்பட்ட இடமோ நமக்குத் தெரியாது. இவர்களுள் நமக்கு விற்றவர் யார்? இணைய வணிகத்தை ஆராயும் சட்ட அறிஞர்களிடையே திரும்பத் திரும்ப எழும் கேள்வி இதுவாகும்.

மலேசியாவில் பயனீட்டாளருக்குரிய அடிப்படைச் சட்டம், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அது இயற்றப்பட்டபோது, மின்னியல் முறையில் நடைபெறும் வணிகத்திற்கு அது பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே கூறியது. அமைச்சர் தனியே அறிவித்தால் மட்டுமே பொருந்தும் என்ற நிலை இருந்தது. இன்று இதைப் படிக்கும் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அன்று நம் நாட்டில் இணையத்தில் பொருள் வாங்கியவர்கள் மிகச் சிலரே. பின்னர் 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. அதன் பிறகுதான் திரையில் வாங்கியவருக்கும் கடையில் வாங்கியவருக்கும் ஒரே சட்டம் துணை நிற்கத் தொடங்கியது.

அந்தச் சட்டம் என்ன உரிமையைத் தருகிறது? ஒரு சான்றைப் பார்ப்போம். ஒரு மாணவிக்காக அவளுடைய தாயார் 49 ரிங்கிட்டுக்குப் பள்ளிக் காலணி ஒன்றை இணையத்தில் வாங்குகிறார். ஒரே வாரத்தில் அதன் அடிப்பகுதி பிய்ந்துவிடுகிறது. விற்பவரிடம் கேட்டால், “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, இதை எங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்” என்று பதில் வருகிறது. தாயார் வாங்கும்போது ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியதும் உண்மைதான். பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், விட்டுவிடத் தேவையில்லை. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்றும், விளம்பரத்தில் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இந்த உறுதியை விற்பவர் தம் விருப்பப்படி நீக்கிவிட முடியாது. சட்டத்திற்குப் புறம்பான நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி அதிலிருந்து தப்ப முயல்வதே 6ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகவே, ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியதால் அந்தத் தாயாரின் உரிமை பறிபோகவில்லை. காலணியைச் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அவர் கோரலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காலணி பழுதானது வேறு. வாங்கிய பிறகு அதன் நிறம் பிடிக்காமல் போனது வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பித் தரலாம். மலேசியச் சட்டத்தில் இணைய வணிகத்திற்கு அத்தகைய பொதுவான உரிமை இல்லை. சில தளங்கள் திருப்பித் தரும் வசதியைத் தாமாகவே வழங்குகின்றன. அது தளத்தின் கொள்கையேயன்றிச் சட்டம் தந்த உரிமையன்று. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

சரி, விற்பவர் அசைந்து கொடுக்கவில்லை. 49 ரிங்கிட்டுக்காக யார் வழக்கறிஞரை அமர்த்துவார்? இத்தகைய சிறு இழப்புகளுக்காகவே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கு மனுச் செய்யக் கட்டணம் 5 ரிங்கிட். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மட்டுமே விசாரித்த அம்மன்றம், இன்று 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது. இரு தரப்பினரும் தாங்களே பேச வேண்டும். வழக்கறிஞர்கள் அவர்கள் சார்பில் வாதாட முடியாது. கூடுமானவரை விசாரணை தொடங்கிய 60 நாள்களுக்குள் தீர்ப்பு வழங்கப்பட வேண்டும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதவர் குற்றம் புரிந்தவராகிறார். பெரிய நிறுவனமும் தனி மனிதரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் சமமாக அமரும் ஏற்பாடு இது. நம் சட்ட அமைப்பில் பொதுமக்களுக்கு மிகவும் நெருக்கமான மன்றங்களுள் இதுவும் ஒன்று என்பேன்.

எனினும், அதன் வாயிலில் ஒரு தடை உண்டு. கோரிக்கையைப் படிவம் 1இல் எழுதித் தர வேண்டும். யார்மீது கோரிக்கை என்பதை, அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதிக் குறிப்பிட வேண்டும். மன்றத்தின் அறிவிப்பு அந்த முகவரிக்கே செல்லும். ஒரு புனைபெயருக்கும் சில நட்சத்திரங்களுக்கும் அறிவிப்பு அனுப்ப முடியாது. சட்டம் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால், எதிர்த்தரப்பின் பெயர் தெரியாவிட்டால் அந்த உரிமையை யாரிடம் கேட்பது?

இதற்காகவே மின்னியல் வணிகத்திற்கென்று தனி விதிமுறைகள் 2012இல் வகுக்கப்பட்டு, 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. இணையத்தில் விற்பவர் தம் பெயரையும், பதிவு எண்ணையும், தொடர்புகொள்ளும் வழியையும் வெளியிட வேண்டும். பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேரும் கால அளவு ஆகியவற்றையும் அவர் தெரிவிக்க வேண்டும். விற்பனைத் தளத்தை நடத்துபவருக்கும் ஒரு கடமை உண்டு. தம் தளத்தில் விற்பவர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பதிவு செய்து அவர் பாதுகாக்க வேண்டும். 2024 டிசம்பரில் இவற்றின் இடத்தில் புதிய விதிமுறைகள் வந்தன. விற்பவரின் அடையாளம் மறைந்திருக்கக் கூடாது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

விற்பவரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் தளமே பொறுப்பேற்க வேண்டுமா? “நாங்கள் வெறும் சந்தை, கடை போட்டவர் வேறொருவர்” என்பது தளங்கள் பொதுவாகக் கூறும் பதில். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரவுச் சந்தையில் ஒரு கடையில் வாங்கிய பலகாரம் கெட்டிருந்தால், சந்தைக்கு இடம் ஒதுக்கியவரை நாம் குறை கூறுவதில்லை. அதே வேளையில், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ‘விற்பவர்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், வணிக முறையில் இன்னொருவருக்காகச் செயல்படும் முகவரும் அடங்குகிறார். தளம் அத்தகைய முகவரா என்பதே அறிஞர்கள் ஆராயும் சிக்கலாகும்.

ஐரோப்பாவில் இதையொத்த ஒரு வழக்கு இணையத்திற்கு வெளியே எழுந்தது. பெல்ஜியத்தில் 2012ஆம் ஆண்டு ஒரு பெண்மணி, வாகனப் பட்டறை ஒன்றில் 4,000 யூரோவுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கினார். சில மாதங்களில் அதன் இயந்திரம் பழுதானது. பழுது பார்த்த பட்டறை சுமார் 2,000 யூரோ கேட்டது. “எனக்கு விற்றதே நீங்கள்தானே?” என்று அவர் தர மறுத்தார். காரின் உரிமையாளர் வேறொருவர் என்றும், தாங்கள் இடையில் நின்றவர்கள் மட்டுமே என்றும் பட்டறை கூறியது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 நவம்பரில் இதற்கு விளக்கம் அளித்தது. உண்மையான உரிமையாளர் ஒரு தனிமனிதர் என்பதை வாங்குபவருக்கு முறையாகத் தெரிவிக்காத வணிகரை விற்பவராகவே கருதலாம் என்றது. அவர் தரகுப்பணம் பெற்றாரா இல்லையா என்பது முக்கியமன்று என்றும் கூறியது.

அந்தப் பட்டறையின் இடத்தில் ஒரு செயலியை வைத்துப் பாருங்கள். பக்கம் முழுவதும் தளத்தின் சின்னம். பணம் சேர்வது தளத்திற்கு. பற்றுச்சீட்டும் தளத்தின் பெயரில். விற்பவர் பெயர் எங்கோ ஒரு மூலையில், மங்கிய சிறு எழுத்தில். வாங்குபவர் யாரை நம்பி வாங்குகிறார்? அந்தத் தீர்ப்பு மலேசிய மன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அது எழுப்பிய கேள்வி இங்கும் பொருந்துகிறது.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. வாங்குமுன் விற்பவரின் பதிவு எண்ணைத் தேடுங்கள். அதை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படம்பிடித்து வையுங்கள். சிக்கல் எழுந்த பிறகு அந்தப் பக்கம் காணாமல் போகக்கூடும். பணத்தைப் பறித்துக்கொண்டு ஒருவர் மறைந்துவிட்டால் அது வணிகச் சச்சரவன்று, மோசடி. அப்போது நடுவர் மன்றத்திற்காகக் காத்திராமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை உடனே அழைக்க வேண்டும். பழைய கைப்பேசியை விற்கும் ஒரு தனிமனிதரிடம் வாங்குவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்; வணிக முறையில் விற்காதவருக்கு இச்சட்டம் பொருந்துவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, விற்பவர் வெளிநாட்டில் இருக்கும் நிலை. அவருடைய பெயரும் முகவரியும் தெரிந்திருந்தாலும், நம் நடுவர் மன்றத்தின் தீர்ப்பை அந்நாட்டில் நிறைவேற்றுவது எளிதன்று. அந்தக் காலணி கடல் கடந்து வந்திருந்தால், படிவம் 1இல் அந்தத் தாயாரால் பயனுடன் எழுதக்கூடிய ஒரே பெயர், இந்நாட்டில் அலுவலகம் வைத்திருக்கும் தளத்தின் பெயராகவே இருக்கும். அப்போது அத்தளம் விற்பவரா, முகவரா, வெறும் சந்தையா என்பதை மன்றத் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும்.