தீபாவளிப் பயணமும் தீ விபத்துகளும்

தீபாவளி நெருங்கிவிட்டால் பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமிராது. தருமபுரி வழியாகவும் ஜோலார்பேட்டை வழியாகவும் செல்லும் வண்டிகளில் நம்மவர்கள் முண்டியடித்து ஏறுவார்கள். புதுத்துணி, பலகாரம், பிள்ளைகளுக்குப் பொம்மை. அந்த மூட்டைக்குள் சிலர் பட்டாசையும் ஒளித்து வைப்பதுதான் வினை. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி இதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆயிரம் ரூபாய்தானே என்பாரும் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26-ந்தேதி அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் மாண்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடை வாசலில் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அன்றே 14 பேர் இறந்தனர். சிகிச்சை பலனின்றிப் பின்னரும் சிலர். தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்கள் பலர். மாணவர்களும் இருந்தார்கள். சீசன் வேலைக்கு நாலு காசு கிடைக்கும் என்று வந்த பிள்ளைகள். கடையில் வேலை என்றால் நிழலில் உட்கார்ந்த வேலை என்று ஊரில் பெற்றோர் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் கவனம் தேவை. ஓகலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான். அடுப்புக்கு இரண்டு முழத்தில் சாமி விளக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படர்ந்து தங்கும். நாற்றம் வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு ரெகுலேட்டரை மூட வேண்டும். பட்டாசு வெடிப்பவரைவிட வேடிக்கை பார்க்கும் குழந்தைக்குக் கண்ணில் அடிபடுவதும் உண்டு. ஆண்டுதோறும் மின்டோ கண் ஆஸ்பத்திரிக்கு அப்படிச் சிலர் வந்து சேருகிறார்கள்.

ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் சாமி விளக்கை அணைக்காமலே பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. திருட்டுப் பயத்தால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதில்லை. உள்ளே புகை கிளம்பினால் பக்கத்து வீட்டார் பூட்டை உடைத்துத்தான் நுழைய வேண்டும். அந்தச் சந்துகளில் தீயணைப்பு வண்டி தெருமுனையோடு நின்றுவிடும்.